கணக்கில் இன்னொருவர்

மிக்சியை நிறுத்திய பிறகுதான் அந்தச் சத்தம் தாரணியின் காதில் விழுந்தது. கூடத்து மூலையில் இருந்த கணினி விட்டுவிட்டுக் கூவிக்கொண்டிருந்தது. எவ்வளவு நேரமாகக் கூவுகிறதோ தெரியவில்லை. எட்டிப் பார்த்தாள். திரையில் மஞ்சள்.

"இதழு! உக்காந்துக்கோ! எங்க இருக்கியோ அங்கயே உக்காரு!"

பதில் இல்லை. குளியலறையில் வாளி நிறைந்து வழிகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த வீட்டில் எந்தக் கதவுக்கும் உள்தாழ்ப்பாள் கிடையாது. ஓடிப்போய்த் தள்ளித் திறந்தாள்.

வாளிக்கும் சுவருக்கும் நடுவே ஒன்பது வயது இதழினி சுருண்டு கிடந்தாள். கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. மோவாய் கிழிந்திருந்தது. தாரணி குழாயை மூடிவிட்டு, மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, தலைக்கடியில் தன் கையைக் கொடுத்தாள். அதற்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. காத்திருக்கத்தான் வேண்டும். இடையில் இரண்டு வருடங்கள் அவள் இப்படிக் காத்திருக்க நேரவில்லை. இந்த ஒன்றரை மாதத்தில் இது எத்தனையாவது முறை என்று எண்ணுவதையே விட்டுவிட்டாள்.

இழுப்பு அடங்கியது. குழந்தை கண்ணைத் திறந்து, தாயின் முகத்தைச் சற்று நேரம் அடையாளம் தேடிப் பார்த்தது.

"மறுபடியும் மஞ்சளாம்மா?"

"ஆமாங் கண்ணு. சரி பண்ணீரலாம்."

இரண்டு வருடங்களுக்கு முன்னால் இதழினியின் மண்டையோட்டுக்குள் நகக்கண் அளவுக்கு ஒரு மின்னணுச் சில்லைப் பொருத்தினார்கள். அது சொந்த அறிவில்லாத சில்லு. மூளையின் அலைகளைக் கேட்டுச் சொல்லும், அவ்வளவுதான். அந்த அலைகளைப் படித்து, வலிப்பு வரப்போகிறது என்று முன்கூட்டியே கண்டுபிடிப்பது எங்கோ தொலைவில் சில்லுக் கம்பெனியின் கணினிகளில் ஓடும் மேகக் கணக்கு. அது தகவல் அனுப்பினால் சில்லு மெல்லிய துடிப்பு ஒன்றைக் கொடுத்து வலிப்பைத் தடுத்துவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் பாலமாக இருப்பது வீட்டுக் கணினி. பள்ளிக்கூடத்துக்குப் போனாலும், கடைக்குப் போனாலும், குழந்தையின் பையில் இருக்கும் போன் இந்தக் கணினியோடுதான் பேசும். கணினி கணக்கை விட்டுப் பிரிந்துவிட்டால் சில்லு பழைய கணிப்பை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் தாக்குப்பிடிக்கும். அப்புறம் குருடாகிவிடும்.

'உங்கள் கணக்குடன் இணைக்க இயலவில்லை. மீண்டும் உள்நுழையவும்.'

தாரணி மகளைப் படுக்கையில் கிடத்தி, காயத்தில் பஞ்சை வைத்து ஒட்டிவிட்டு, கணினியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். விரல்கள் தாமாகவே பாஸ்வேர்டைத் தட்டின. பச்சை எரிந்தது. எப்போதும் இப்படித்தான். உள்ளே நுழைந்ததும் பச்சை. அரை நாளோ ஒரு மணி நேரமோ கழித்து மறுபடியும் மஞ்சள். மோடத்தை மாற்றியாயிற்று. லைன்மேனைக் கூப்பிட்டு ஒயரை மாற்றியாயிற்று. மென்பொருளை அழித்து மறுபடி ஏற்றியாயிற்று. தேதியும் நேரமும் சரியாக இருக்கின்றனவா என்றுகூடப் பார்த்தாயிற்று. பாஸ்வேர்டை இரண்டு முறை மாற்றினாள். இரண்டு முறையும் அவள் கணவன் நவநீதன், "புதுசு என்னன்னு எனக்கும் சொல்லு" என்று கேட்டுத் தன் போனில் குறித்துக்கொண்டான். அவன் எண்ணில்தான் கணக்கே இருந்தது.

கம்பெனியின் உதவி எண்ணை அழைத்தாள். இந்த ஒன்றரை மாதத்தில் பழகிப்போன குரல். சென்னையிலிருந்து ரெஹானா.

"குழந்தை விழுந்துட்டாளுங்க. தாடை கிழிஞ்சிருச்சு. இன்னிக்கு எனக்குப் பதில் தெரிஞ்சாகணும். 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க'ன்னு மட்டும் சொல்லீராதீங்க."

எதிர்முனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது.

"மேடம், நேத்து நான் மேலிடத்துல அனுமதி வாங்கி உங்க கணக்கோட முழுப் பதிவையும் எடுத்தேன். உங்க கம்ப்யூட்டர்ல ஒரு தப்பும் இல்ல. லைன்லயும் இல்ல."

"அப்புறம்?"

"உங்க கணக்குல இன்னொரு கம்ப்யூட்டர் இருக்கு. ஒரு கணக்குக்கு ஒரு வீட்டுக் கம்ப்யூட்டர்தான் விதி. அது உள்ள வந்தா நீங்க வெளிய போயிடுவீங்க. நீங்க உள்ள வந்தா அது வெளிய போயிடும்."

தாரணிக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது காது இரண்டும் சூடாயின.

"யாருங்க அது?"

"பேர் இல்ல. திருப்பூர்னு காட்டுது."

"திருட்டுத்தனமா நுழைஞ்சிருக்கானுங்களா?"

"அது எனக்குத் தெரியல மேடம். திரையில கீழ சிவப்பா ஒரு பட்டன் வரும் பாருங்க, 'மற்ற கருவிகளை வெளியேற்று'ன்னு. அமுக்கினா உங்க கம்ப்யூட்டருக்கு மட்டும் தனிச் சாவி விழுந்துடும். அப்புறம் பாஸ்வேர்டு தெரிஞ்சாலும் வேற யாரும் உள்ள வர முடியாது."

சிவப்புப் பட்டன் வந்தது. தாரணி அம்புக்குறியை அதன்மேல் கொண்டுபோனாள்.

"மேடம்," என்றாள் ரெஹானா. குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது. "ஒண்ணு சொல்லணும். அந்தப் பக்கமும் ஒரு சில்லு சேர்ந்திருக்கு."

"அப்படின்னா?"

"அங்கயும் ஒருத்தர் தலையில…"

தாரணி திரும்பிப் பார்த்தாள். திறந்த கதவு வழியாகப் படுக்கையில் மகள் தெரிந்தாள். மோவாயில் ஒட்டிய பஞ்சு மறுபடியும் சிவந்துகொண்டிருந்தது.

"அது அவிய பாடுங்க," என்று சொல்லிப் பட்டனை அமுக்கினாள்.

காலை முழுவதும் மஞ்சள் வரவில்லை. இதழினி தூங்கி எழுந்து, தோசை தின்று, முற்றத்தில் சைக்கிள் ஓட்டினாள். தாரணி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரையைப் பார்த்தாள். பிறகு பத்து நிமிடத்துக்கு ஒருமுறை. பிறகு பார்ப்பதை மறந்து, துவைத்த துணியை மடித்தாள். வெகுநாளைக்குப் பிறகு ஏதோ ஒரு பாட்டை வாய் முணுமுணுத்தது.

நவநீதன் பம்ப்பு கம்பெனியில் அரை நாள் வேலை முடித்து மத்தியானம் வந்தான். மகளின் மோவாயைப் பார்த்ததும் வண்டிச் சாவியைக் கீழே போட்டுவிட்டு அவளைத் தூக்கிக்கொண்டான்.

"காலைல விழுந்துட்டா. ஆனா இனிமே பயமில்லைங்க," என்றாள் தாரணி. "கண்டுபிடிச்சாச்சு. எவனோ திருப்பூர்ல நம்ம கணக்கத் திருடி வச்சிருந்திருக்கான். வெளிய தள்ளிக் கதவச் சாத்திட்டேன்."

அவன் முகம் மலரும் என்று எதிர்பார்த்தாள். அவன் குழந்தையை இறக்கிவிட்டான்.

"எப்ப?"

"காலைல. ஏனுங்க?"

அவன் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனான். ஜன்னல் வழியாகத் தாரணி பார்த்துக்கொண்டிருந்தாள். காம்பவுண்டுச் சுவரோரம் நின்று யாரையோ அழைத்தான். எடுக்கவில்லை போலிருக்கிறது. மறுபடி அழைத்தான். மறுபடியும் அழைத்தான். தாரணி வெளியே வந்து அவன் பின்னால் நின்றாள்.

"யாருக்குப் போன் பண்றீங்க?"

அவன் திரும்பவில்லை.

"நாந்தான் குடுத்தேன் தாரணி."

"என்னத்தக் குடுத்தீங்க?"

"பாஸ்வேர்ட. மாரீஸ்வரின்னு ஒரு பொண்ணு. இதழுவ செக்கப்புக்குக் கூட்டிட்டுப் போனப்ப ஆஸ்பத்திரில பார்த்தேன். கைக்குழந்தை வச்சிருந்துச்சு. அந்தப் பொண்ணு தலையில சோதனைத் திட்டத்துல இலவசமாச் சில்லு வச்சிருக்காங்க. திட்டம் முடிஞ்சிருச்சுன்னு கணக்க மூடிட்டாங்க. சில்லு தலைக்குள்ளயே இருக்குது, பேசறதுக்கு ஆள் இல்ல. கவுண்டர்ல நின்னு அழுதுட்டிருந்துச்சு. ஒரு கணக்குல ரெண்டு பேர் இருந்தா என்ன கொறஞ்சு போயிரும்னு நெனச்சேன்."

"இங்க லைன் அறுந்து போறது தெரிஞ்சப்பறமும்?"

அவன் மறுபடியும் அந்த எண்ணை அழுத்தினான்.

"நான் பாஸ்வேர்டு மாத்தினேன். ரெண்டு தடவ. கேட்டு வாங்கீட்டுப் போய் அவளுக்குக் குடுத்தீங்க. நான் மோடத்த மாத்தறேன், லைன்மேனக் கூப்பிடறேன், நீங்க பக்கத்துலயே உக்காந்து பார்த்துட்டிருந்தீங்க. என்ற புள்ள விழுந்துட்டே இருந்துச்சு."

"வேற ஒரு வழி பண்ணீட்டுச் சொல்லிரலாம்னு… சில்லுக் கம்பெனிக்கு எழுதிப் போட்டேன். பதிலே வரல. நான் நிறுத்தீட்டா அந்தப் பொண்ணு குழந்தையத் தூக்கிட்டு நிக்கறப்ப விழுந்துரும் தாரணி. வீட்டுக்காரன் லாரில போறவன். தனியா இருக்குது."

தாரணிக்கு அவனை அடிக்க வேண்டும்போல இருந்தது. அவன் கையில் போன் இன்னும் மணியடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை. அந்த மணி அடிக்க அடிக்க, காலையில் தான் சொன்ன மூன்று வார்த்தை அவளுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது.

"வண்டிய எடுங்க," என்றாள்.

அவிநாசி சாலையில் கார் பறந்தது. பின்சீட்டில் இதழினி தன் போனின் பச்சை விளக்கைப் பார்த்தபடி சாய்ந்திருந்தாள். சூலூர்ப் பிரிவைத் தாண்டும்போது தாரணியின் போன் ஒலித்தது. ரெஹானா.

"வண்டில இருக்கீங்களா மேடம்? ஸ்பீக்கர்ல போடாதீங்க."

தாரணி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அந்தக் கருவிய வெளியேத்தினதால, இன்னைக்கு ஆபீஸ் மூடறதுக்குள்ள கணக்கச் சுத்தம் பண்ணச் சொல்லி உத்தரவு வந்திருக்கு. அந்தச் சில்லுலேர்ந்து வந்த எல்லாத்தையும் கணக்கு மறந்துடும். அதுக்கு முன்னால ஒரு தடவ பார்த்துடலாம்னு பார்த்தேன். உங்க பொண்ணுக்குப் போன மாசம் வேற ஒரு வகை வலிப்பு வந்திருக்கு. உங்களுக்குத் தெரியுமா?"

"இல்லீங்களே."

"தெரிஞ்சிருக்காது. கை கால் இழுக்காது, சத்தம் இருக்காது. பேசாம கண்ணத் திறந்துட்டு இருப்பாங்க, மூச்சு மட்டும் நின்னு போகும். பக்கத்துல இருக்கறவங்களுக்கே தெரியாது. கணக்கு ஒவ்வொரு தடவையும் முன்னாலயே பிடிச்சு நிறுத்திடுச்சு."

"அது நல்லதுதானுங்களே."

"நல்லதுதான். ஆனா அத எங்கேர்ந்து கத்துக்கிச்சு? உங்க பொண்ணுக்கு அதுக்கு முன்னால அந்த வகை வந்ததே இல்ல. திருப்பூர்ச் சில்லுக்கு இருக்கறது அந்த வகை மட்டும்தான்."

தாரணி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வலிப்பு முழுசா வந்து முடிஞ்சாத்தான் மேடம் கணக்கு கத்துக்கும். தடுத்துட்டா கத்துக்க ஒண்ணும் இருக்காது. சில்லு அதப் பதிஞ்சு வச்சிருந்து, மறுபடி இணைப்பு வந்ததும் மேல அனுப்பும். அவங்களுக்கு வந்ததெல்லாம் அவங்க இணைப்புல இல்லாத நேரத்துல."

"ஏன் இணைப்புல இல்ல?"

ரெஹானா தயங்கினாள். "நீங்க உள்ள வந்ததால."

வெளியே மில் சுவர்களும் பனியன் கம்பெனிப் பலகைகளும் பின்னால் ஓடின. மோடம் மாற்றிய நாள். லைன்மேன் வந்த நாள். பாஸ்வேர்டு மாற்றிய நாள். ஒவ்வொரு முறையும் பச்சையைப் பார்த்து அவள் சாமி படத்தைத் திரும்பிப் பார்த்துக் கும்பிட்டிருக்கிறாள்.

"சுத்தம் பண்ணாம இருக்க வழி இருக்குதுங்களா?" குரல் அவளுடையதுபோலவே இல்லை.

"குடும்பக் கணக்கா மாத்தலாம். ஒரே வீட்டுல ரெண்டு பேருக்குச் சில்லு இருந்தா, ஒரே கம்ப்யூட்டர்ல ரெண்டையும் சேர்க்கலாம், ஒண்ண ஒண்ணு தள்ளாது. ஆனா அவங்க அங்கயே தங்கணும். தொடர்ந்து வேற இடத்துல தூங்கினா கணக்கு தானாப் பிரிச்சுடும். இத நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

போனை வைத்தபோது நவநீதன் கேட்டான்: "யாரு?"

"வேகமாப் போங்க," என்றாள் தாரணி.

திருப்பூரில் ஒரு சாயப்பட்டறைக்குப் பின்னால் வரிசையாக ஓட்டு வீடுகள். ஐந்தாவது வீட்டுக்கு முன்னால் நவநீதன் வண்டியை நிறுத்தினான். கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. உள்ளே குழந்தை அழுதது. அழுது அழுது தொண்டை கட்டிப்போன அழுகை.

"மாரீஸ்வரி! அம்மிணி! கதவத் திற!"

குழந்தை மட்டும் அழுதது. நவநீதன் பக்கத்து ஜன்னலின் கம்பிக்குள் கையை விட்டு, தோள்பட்டை சிராய்க்கத் துழாவி, தாழ்ப்பாளை எட்டித் தட்டினான். கதவு திறந்தது.

தரை முழுக்கத் தலையணைகளும் போர்வைகளும் பரப்பப்பட்டிருந்தன. மூலையில் அகலமான பிளாஸ்டிக் தொட்டிக்குள் பழந்துணி மெத்தையில் குழந்தை. விழுந்தாலும் குழந்தைமேல் விழாத தூரத்தில், சுவரில் சாய்ந்து ஓர் இளம்பெண் உட்கார்ந்திருந்தாள். கண் திறந்திருந்தது. கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒண்ணுமில்ல, முழிச்சுட்டுத்தான்…" என்று நவநீதன் மூச்சுவிட்டான்.

தாரணி அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்தாள். அந்த உதடுகள் நீலம் பாரித்திருந்தன. மார்பு அசையவில்லை. பெண்ணை இழுத்து ஒருக்களித்துக் கிடத்தினாள். வாய்க்குள் விரலை விட்டு எச்சிலை வழித்தாள். முதுகில் தட்டினாள். "மூச்சு விடு. விடு சாமி. மூச்சு விடு." கன்னத்தைப் பிடித்து முகத்தைத் தூக்கி, தன் வாயை வைத்து ஊதினாள். இரண்டாவது முறை ஊதியபோது அந்த உடம்பு ஒரு முறை குலுங்கி, கிணற்றுக்குள்ளிருந்து எழுவதுபோல ஒரு மூச்சை இழுத்தது.

வாசலில் நின்ற இதழினி உள்ளே வந்து, தொட்டிக்குப் பக்கத்தில் மண்டிபோட்டு, குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மாரீஸ்வரி எழுந்து உட்கார நேரமாயிற்று. நவநீதனைப் பார்த்தாள். "அண்ணே," என்றாள். பிறகு தாரணியைப் பார்த்தாள். கடைசியாக இதழினியின் மோவாய்ப் பஞ்சில் அவள் பார்வை நின்றுவிட்டது.

"காலையில இருந்து மஞ்சளுக்கா. எத்தன தடவ போட்டுப் பாத்தும் உள்ள விடல. அதேன் கீழயே உக்காந்துட்டேன்." நாக்குக் குழறியது. "எங்க லைனுதேன் மோசம்னு நெனச்சேன். கம்ப்யூட்டர் கடைக்காரரு வந்து ஒயரு மாத்துனாரு. நானும் புது மோடம் வாங்கி மாட்டுனேன். பச்ச வரும், நிம்மதியா இருக்கும், பிறகு மஞ்சளு. நம்ம வீட்டு ஒயருதேன் இப்பிடின்னு…" அவள் நிறுத்தினாள். "எனக்குப் பச்ச வாரப்பல்லாம் இந்தப் பாப்பாவுக்கு மஞ்சளா?"

அவள் நவநீதன் பக்கம் திரும்பினாள்.

"அண்ணே, நீங்க சொல்லவே இல்லயே," என்றாள் மாரீஸ்வரி. நவநீதன் வாசலுக்குப் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான்.

தாரணி அவளுக்குத் தண்ணீர் கொடுத்தாள்.

"எங்க ஊட்டுக்கு வந்துரு மாரீஸ்வரி. குழந்தையக் கூட்டிட்டு. ஒரே ஊட்ல இருந்தா ஒரே கணக்குல ரெண்டு பேரும் இருக்கலாமாம். இன்னிக்கே மாத்தியாகணும்."

மாரீஸ்வரி தம்ளரைக் கீழே வைத்தாள். "பாவம் பாத்துக் கூப்புடாதீங்கக்கா. நான் தச்சுப் பொழைக்கிறவ."

ஆமாம், பாவம் பார்த்துத்தான் என்று சொல்லியிருந்தால் எளிதாக முடிந்திருக்கும். நல்லவள் என்ற பேரும் கிடைத்திருக்கும். தாரணி தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தாள்.

"பாவம் பார்க்கல. காலைல உன்னைய வெளிய தள்ளினது நாந்தான். அந்தப் பக்கம் ஒரு ஆள் இருக்குதுன்னு சொன்னாங்க. தெரிஞ்சேதான் தள்ளினேன்." அப்புறம் ரெஹானா சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். "நீ விழுந்து விழுந்துதான் அது கத்துக்கிச்சு. அதுலதான் என்ற புள்ள பொழச்சா. நீ போயிட்டா அது எல்லாத்தையும் மறந்துரும். எனக்கு நீ வேணும். அதுக்குத்தான் கூப்பிடறேன்."

வாசலில் நின்ற நவநீதன் திரும்பிப் பார்த்தான். அவனுக்கும் இது இப்போதுதான் தெரியும்.

மாரீஸ்வரி விரலால் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள்.

"நான் உங்க வீட்டுல விழாம நல்லாருந்தா, அதுக்குக் கத்துக்கிட ஒண்ணும் இருக்காதுல்லக்கா? அப்பப் பாப்பாவுக்கு வேற மாதிரி ஏதாச்சும் வந்துருச்சுன்னா?"

அந்தக் கேள்வி தாரணிக்குக் காரிலேயே வந்திருந்தது. வந்தவுடன் அதை மிதித்துக் கீழே தள்ளியிருந்தாள். இப்போது மாரீஸ்வரியின் வாயிலிருந்தே அதைக் கேட்டபோது, பார்வையை விலக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டாள்.

"வந்தா வரட்டும். அப்பப் பார்த்துக்கலாம்," என்றாள். "நீ விழுந்து அது கத்துக்கிட்டது போதும்."

மாரீஸ்வரி சுவரைப் பிடித்து எழுந்தாள். தொட்டிக்குள் குனிந்து குழந்தையை எடுத்தவள், எடுத்த கையோடு தாரணியிடம் நீட்டினாள். "கொஞ்சம் பிடிங்கக்கா. இவுக அப்பாகிட்ட நான் பேசிக்கிறேன்." பிறகு கொடியில் காய்ந்த சின்னச் சின்னச் சட்டைகளை ஒவ்வொன்றாக உருவித் தோளில் போட்டுக்கொள்ளத் தொடங்கினாள்.

தாரணி ஒரு கையில் குழந்தையை வைத்துக்கொண்டு மறு கையால் ரெஹானாவை அழைத்தாள்.

"குடும்பக் கணக்கா மாத்தீருங்க. கூட்டிட்டு வந்துட்டிருக்கேன்."

"சரி மேடம். அவங்க பேர்?"

"மாரீஸ்வரி."

"உங்களுக்கு அவங்க என்ன உறவு? ஏதாவது ஒண்ணு போடணும், இல்லன்னா ஏத்துக்காது."

"கொஞ்சம் இருங்க," என்றாள் தாரணி. "அவகிட்டக் கேட்டுச் சொல்றேன்."